டூர் காசில் கூரை ஒழுகல் நிற்குமா? (பேராலய நண்பர்கள் குழு)

காட்பாடிவாசி | ஜூலை 6, இரவு 9.12

வேலூரில் எங்கள் பேராலயம் நூறு வயசைத் தாண்டியது. மெட்ராஸ் டெரஸ் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, ஆல்ட்டருக்குப் பின்சுவரில் உப்பு பூக்கிறது. 'பேராலய நண்பர்கள்' என்று ஒரு குழு தொடங்க கமிட்டி சரி சொல்லிவிட்டது. என் திட்டம்: 49 சீட் பஸ், சென்னையில் சாந்தோம், பரங்கிமலை, செயின்ட் ஜார்ஜ் பேராலயம், ஒரே நாள். தலைக்கு 300 ரூபாய் லாபம் வைத்தால் ஒரு டூருக்கு 14,700. வருஷத்துக்கு நாலு டூர். கூடவே குலுக்கல் சீட்டு, முதல் பரிசு ஸ்கூட்டி. இங்கிலாந்தில் கான்டர்பரி பேராலயத்துக்கு 1927-லேயே நண்பர்கள் சங்கம் வந்துவிட்டது. நாம் ஏன் செய்யக் கூடாது? ரூட், நேரம், சாப்பாடு எல்லாம் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஜூலை 6, இரவு 10.05

குலுக்கல் சீட்டை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. காசுக்குச் சீட்டு விற்று, குலுக்கிப் பரிசு கொடுத்தால் அது லாட்டரிதான். "ஆலய நிதி" என்று மேலே போட்டால் மாறிவிடாது. ஏலம் நடத்தலாம், விற்பனை நடத்தலாம். ஸ்கூட்டி வேண்டாம்.

49 சீட்டும் நிறையும் என்று போட்ட கணக்கு அது. முந்தின நாள் இரவு நாலு பேருக்குக் காய்ச்சல் வரும், இரண்டு பேருக்குக் கல்யாணம் வரும். பஸ், டோல், பேட்டா, பார்க்கிங், டிபன், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி 40-ஆல் வகுங்கள். அதுதான் டிக்கெட். 40-க்கு மேல் வருகிறவர் காசு அவசரச் செலவுக்கு இருக்கட்டும். அதற்கு மேல் 300 ரூபாய் வைத்தால், "ஐக்கியமாகப் போகிறோம்னு சொல்லி ஐயரே வியாபாரம் பண்றார்" என்று பேச்சு வரும். வாங்காத பழி நம் போதகர் ஐயர் தலையில் ஏன்?

ஆல்ட்டோ அக்கா | ஜூலை 7, காலை 6.40

கான்டர்பரி உதாரணம் சரி, எடுத்துக்கொண்ட பாடம்தான் தலைகீழ். அங்கே டீனாக (பேராலயத் தலைமைக் குருவாக) இருந்த ஜார்ஜ் பெல் தொடங்கியது சந்தா கட்டும் சங்கம். கட்டடத்துக்குப் போவது சந்தா, நன்கொடை, உயில் வழி வரும் பணம். வெளியூர் போவது, தேநீர் விருந்து, கச்சேரி எல்லாம் சந்தா கட்டியவர்கள் விட்டுப் போகாமல் இருக்க. டூர் லாபத்தில் யாரும் கூரை போடவில்லை.

வேன் ஏற்பாடு | ஜூலை 7, மதியம் 1.20

வண்டி விஷயம் மட்டும் சொல்கிறேன்.

வேலூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். போக வர 280, ஊருக்குள் ஒரு 40, மொத்தம் 320 என்று வையுங்கள். வாடகை ஷெட்டிலிருந்து ஷெட் வரை ஓடும், ஆலய வாசலிலிருந்து இல்லை. வண்டி ராணிப்பேட்டையிலிருந்து வந்தால் அந்த தூரமும் உங்கள் பில்லில். டோல் சென்னசமுத்திரம் ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் ஒன்று, இரண்டு திசையிலும். வாடகைக்குள் டோல் உண்டா, பேட்டா எவ்வளவு, ஏசி நின்ற இடத்தில் ஓடுமா, இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். மூன்றாவதில்தான் சண்டை வரும். எல்லோரும் ஆலயத்துக்குள் இருக்கும்போது டிரைவர் ஏசியை நிறுத்திவிடுவார், அது நியாயம். திரும்பி ஏறும்போது வண்டிக்குள் வெந்துபோயிருக்கும். கிளம்புமுன் பத்து நிமிஷம் ஓடவிடச் சொல்லி ஒப்புக்கொண்டால் போதும்.

49 சீட் பஸ் வேண்டாம். சாந்தோம் ரோட்டில் அதை நிறுத்தி வைக்க இடம் தேடுவதே ஒரு வேலை. 20 சீட் வேன் இரண்டு எடுங்கள். ஒன்று பஞ்சர் ஆனாலும் இன்னொன்று ஓடும்.

தேதி: முகூர்த்த ஞாயிறு, பௌர்ணமி, இரண்டும் ஆகாது. பௌர்ணமிக்கு இந்தப் பக்கத்து வேன் பாதி திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போய்விடும், மீதி வாடகையை ஏற்றிவிடும். கார்த்திகை தீபம் சொல்லவே வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி, வள்ளிமலை. வண்டி புக் பண்ணுமுன் தினசரி காலண்டரைப் பாருங்கள். சபைக் காலண்டரில் இதெல்லாம் இருக்காது.

காட்பாடிவாசி | ஜூலை 7, இரவு 8.55

ரயிலில் போனால்? காட்பாடி ஜங்ஷனே பக்கத்தில் இருக்கிறது. ஏலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் போய் மாலையில் திரும்புகிறது.

வேன் ஏற்பாடு | ஜூலை 7, இரவு 9.30

20 வாலிபர்கள் என்றால் ரயில்தான் சிறப்பு. அறுபது தாண்டியவர்கள் என்றால் யோசியுங்கள். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தியதோடு சரி. ஒரு பிஎன்ஆரில் ஆறு பேர்தான், 40 பேருக்கு ஏழு டிக்கெட், ஏழும் ஏழு பெட்டியில் விழலாம். சென்ட்ரலில் இறங்கி ரோடு கடந்து பறக்கும் ரயில் பிடித்து லைட்ஹவுஸ் போகலாம். படி ஏறி இறங்க முழங்கால் வேண்டும். அப்புறம் பரங்கிமலைக்கு இன்னொரு மூலை. அன்றைய நேரம் முழுக்க ஆள் எண்ணுவதிலேயே போகும்.

சுண்ணாம்பு | ஜூலை 9, இரவு 11.02

கூரை ஒழுகுகிறது என்று ஆரம்பித்தவர் கூரையைப் பற்றி ஒரு வரிக்கு மேல் பேசவில்லை, எல்லோரும் பஸ் ஏறிவிட்டீர்கள்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் என்ன என்று உங்கள் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? தேக்குச் சட்டம் வரிசையாக. அதன் மேல் சின்னச் செங்கல்லை மூலைவாட்டில், குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கொட்டு, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கியது. மேலே தட்டோடு. இது ஒழுகினால் பெரும்பாலும் நடுவில் ஓட்டை இருக்காது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய் வாய், விரிசலில் முளைத்த அரசங்கன்று, இந்த மூன்றில் ஒன்று. கன்றைப் பிடித்து இழுத்தால் வேரோடு கட்டும் பெயரும். அறுத்துவிட்டு, வேரைச் சாகடித்துவிட்டுத்தான் விரிசலை அடைக்க வேண்டும்.

முதல் நிகழ்ச்சி இதுவாக இருக்கட்டும்: கூரை பார்க்கும் நாள். சனி காலை 6.30-லிருந்து 9 வரை. தடவைக்கு எட்டுப் பேர், அரை மணி. சுவரோரமாக நடப்பது, தளத்தின் நடுவில் கூட்டமாக நிற்காமல் இருப்பது. பன்னிரண்டு வயசுக்குக் கீழே வேண்டாம். மேலே ஒருவர், ஏணிக்குக் கீழே ஒருவர், இருவரும் ஆட்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஒழுகும் மூலையைக் கையால் தொட்டுப் பார்த்தவர், கீழே இறங்கி ரசீது புத்தகத்தைத் தானே தேடுவார். சாந்தோம் போய் வந்தவர் நல்ல பிரியாணி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

இதைப் பருவமழைக்கு முன் என்று அக்டோபருக்குத் தள்ளாதீர்கள். நம் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பர் சாயங்கால இடிமழையே குழாயை அடைக்கப் போதும்.

கணக்குப்பிள்ளை | ஜூலை 10, காலை 7.15

ரசீது என்றதும் இதை இங்கேயே போட்டுவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

டூருக்கு ஒரு நோட்டு, கட்டட நிதிக்கு ஒரு நோட்டு. கலக்கவே கூடாது. டூர் மிச்சம் அடுத்த டூருக்கு.

80ஜி வரிக்கழிவு ரசீது அந்தப் பதிவு உள்ள டிரஸ்ட்தான் கொடுக்க முடியும், நண்பர்கள் குழு அச்சடித்த புத்தகம் செல்லாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. டூர் டிக்கெட், விருந்து டிக்கெட் எல்லாம் நன்கொடை ஆகாது, பதிலுக்கு ஒன்று வாங்கிக்கொண்டீர்களே.

வெளிநாட்டுக் காசு. வேலூரில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளியில் இருக்கிறார், ஆகவே இது வந்தே தீரும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகள் துபாயிலிருந்து தன் சம்பளத்தில் அனுப்பினால் அது அந்நிய நிதி இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மகன் அனுப்பினால், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் அட்டை) இருந்தாலும், அந்நிய நிதி. எஃப்சிஆர்ஏ (அந்நிய நிதிச் சட்டம்) பதிவு உள்ள அமைப்பு, டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் வாங்கலாம். செக்ரட்டரியின் ஜிபேயில் வாங்கி ஆலயத்தில் கட்டுவது உதவி இல்லை, வில்லங்கம்.

ஆல்ட்டோ அக்கா | ஜூலை 10, இரவு 9.48

சுண்ணாம்பு அண்ணே சொல்வது பாதி சரி. ஏணி ஏற முடியாதவர்தான் நம் சபையில் பாதிப்பேர், பென்ஷன் காசு அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களுக்குக் கீழே உட்கார்ந்து செய்யக் கூடியது ஒன்று வேண்டும்.

கீர்த்தனை மாலை வையுங்கள். தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகள் பத்து, ஹார்மோனியம், வயலின், மிருதங்கம். கீபோர்டு தாளப் பெட்டி வேண்டாம். பழைய ஆலயத்தில் உயரமான கூரை, கல் தரை, வெறுஞ்சுவர்: கைதட்டினால் சத்தம் இரண்டு மூன்று விநாடி நிற்கும். வேகப் பாட்டு எடுத்தால் சொல் சொல்லோடு மோதிக் கூழாகும். விளம்ப காலத்தில் பாடுங்கள், சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுங்கள். வாடகை சவுண்டுக்காரர் பெரிய பாக்ஸ் இரண்டை ஆல்ட்டர் படியில் வைத்துப் பின்சுவரைப் பார்த்து அடிப்பார். அதை விடாதீர்கள். சின்ன ஸ்பீக்கரைத் தூணுக்கு ஒன்றாக, காதளவு உயரத்தில், குறைந்த சத்தத்தில். ஒத்திகையில் வெற்று ஆலயம் அலறும். ஆள் நிறைந்தால் பாதி அடங்கிவிடும். ஒத்திகையைக் கேட்டுவிட்டுச் சத்தத்தை மாற்றாதீர்கள்.

வெளியே ஒலிபெருக்கி கட்டினால் போலீஸ் அனுமதி, இரவு 10 மணிக்கு நிறுத்தம். 6.30-க்குத் தொடங்கி 8.15-க்கு முடித்தால் கடைசி டவுன் பஸ் பிடிப்பவர்களும் இருப்பார்கள்.

மெழுகுவர்த்தி ஏந்துவதாக இருந்தால் காகிதக் கப்பில் துளையிட்டுச் செருகிக் கொடுங்கள். தரையில் விழுந்த மெழுகைச் சுரண்டாமல், மேலே பழைய பேப்பர் போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி வைத்தால் பேப்பர் உறிஞ்சிக்கொள்ளும்.

ஆரணி ரோடு | ஜூலை 14, மாலை 5.33

சென்னைக்கே ஏன் ஓட வேண்டும்? கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் ஆலயம் 1846-ல் கட்டியது. உள்ளூர்க்காரர் பாதிப்பேர் வெளியில் நின்று பார்த்ததோடு சரி. காலை நடை ஒன்று போடுங்கள்.

6.15-க்குக் கோட்டை வாசல். அகழிப் பாலத்தில் நின்று 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியைச் சொல்லலாம். விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தது, செய்தி ஆற்காட்டுக்குப் போனது, பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு 25 கிலோமீட்டர் வந்து சேர்ந்தது. அங்கிருந்து ஜலகண்டேஸ்வரர் கோவில் வெளிச்சுற்று, பிறகு ஆலயம். திப்பு மகால், ஹைதர் மகால் இரண்டையும் வெளியிலிருந்து காட்டினால் போதும். 1799-க்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளை வைத்திருந்த இடம், கண்டியின் கடைசி அரசரைச் சிறை வைத்திருந்த கோட்டை. மியூசியம் சேர்ப்பதானால் வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனியும் விடுமுறை, ஆகவே நடை நாளை அதற்கேற்ப வையுங்கள். அதுவும் 6.15-க்குத் திறக்காது, கடைசியில் வைக்க வேண்டும்.

ஒரு பேச்சாளருக்கு 20 பேர்தான். கோட்டை தொல்லியல் துறை கட்டுப்பாட்டில் இருப்பது. மைக் கட்டுவது, ஸ்டவ் மூட்டுவது, பேனர் கட்டுவது மூன்றும் ஆகாது. டிபன் வெளியே வந்து. ஆலயத்துச் சாவி யாரிடம் என்று முந்தின நாளே கேட்டுவையுங்கள். இருபது பேரைக் கூட்டிக்கொண்டு பூட்டின கதவுக்கு முன்னால் வரலாறு சொல்வது கஷ்டம்.

மே மாதம் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் எட்டு மணிக்கே கோட்டைக் கல் கொதிக்கும்.

சுண்ணாம்பு | ஜூலை 14, இரவு 10.20

நடையோடு கோட்டைக்கு எதிரே இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தையும் சேர்க்கலாம், 1806-ல் செத்த பிரிட்டிஷ் 69-வது ரெஜிமென்ட் வீரர்கள் அங்கேதான். ஆனால் ஜூலையில் புதர், பாம்பு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லாக் கல்லறையிலும் புல் வெட்டுவார்கள், அதற்கு அடுத்த வாரம் போனால் கால் வைக்க இடம் இருக்கும்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க சாக்பீஸ் தேய்க்காதீர்கள், மாவு பூசாதீர்கள், ஆசிட் பற்றிப் பேசவே பேசாதீர்கள். செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டின பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து தானே எழுந்து நிற்கும். பகலில் ஒருவர் குடையால் வெயிலை மறைத்து நிழல் செய்ய, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைச் சாய்த்து அடிக்கலாம். குழந்தைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், அரை மணி அமைதி.

காட்பாடிவாசி | ஜூலை 15, காலை 8.10

குலுக்கல் போச்சு. லாபம் போச்சு. 49 சீட் பஸ் போச்சு. இழை ஆரம்பித்தது நான்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.

சரி, சாப்பாடு? ஆம்பூர் பிரியாணி எடுத்துக்கொண்டு போகலாம் என்று பெண்கள் ஐக்கியம் சொல்கிறது.

ஆல்ட்டோ அக்கா | ஜூலை 15, காலை 11.30

பெண்கள் ஐக்கியம் சொன்னதா, உங்கள் வயிறு சொன்னதா?

கணக்கு: ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு ஒரு கிலோ கறி, எட்டிலிருந்து பத்து பேர். 40 பேருக்கு ஐந்து கிலோ அரிசி, ஐந்து கிலோ கறி, மாஸ்டர் "எதுக்கும் ஆறு போடுங்க" என்பார், ஐந்தே போதும். கத்திரிக்காய்த் தொக்கு கெடாது, தைரியமாக எடுக்கலாம். தயிர்ப் பச்சடிதான் ஆபத்து: வெங்காயத்தைத் தனியாக, தயிரைத் தனியாக ஐஸ் டப்பாவில் வைத்து, பரிமாறும் இடத்தில் கலக்குங்கள்.

பிரச்சினை நேரம். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் தம் நாலரைக்கு உடைய வேண்டும். சாப்பிடுவது ஒரு மணி. நடுவில் எட்டரை மணி நேரம் மூடின டப்பாவில் கறி. சூடு ஆறி வெதுவெதுப்பாக நிற்கும் அந்த நேரத்தில்தான் கெடும். ஆகவே மதியச் சாப்பாட்டைச் சென்னையில் சொல்லிவிடுங்கள். இங்கிருந்து எடுப்பது காலை டிபன்: இட்லி, மிளகாய்ப் பொடி எண்ணெய் தடவியது, தேங்காய்ச் சட்னி இல்லாமல். ஆம்பூர் பிரியாணியை ஊரில் நடக்கும் அன்பின் விருந்துக்கு வையுங்கள், தம் உடைத்த அரை மணியில் இலையில் விழும்.

மக்கன் பேடாவும் வேண்டாம். ஜீரா டப்பாவைத் தாண்டி சீட்டுக்கு வந்தால் டிரைவர் கழுவுகூலி கேட்பார்.

வேன் ஏற்பாடு | ஜூலை 15, மதியம் 2.05

சாப்பாட்டை விடப் பெரிய விஷயம் யாரும் பேசவில்லை: பாத்ரூம்.

40 பேரில் 25 பெண்கள். நிறுத்தும் இடத்தில் பெண்களுக்கு இரண்டு கழிப்பறை, ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றால் நாற்பது நிமிஷம் அங்கேயே போச்சு. டீ சேர்ந்தால் ஒரு மணி. நெடுஞ்சாலையில் ஐந்தாறு கழிப்பறை உள்ள பெரிய ஓட்டலைப் பார்த்து வையுங்கள். இரண்டு வேனையும் ஒரே இடத்தில் நிறுத்தாமல் கால் மணி இடைவெளியில் நிறுத்துங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு ஒன்றரை மணிக்கு ஒரு நிறுத்தம், அது பேரத்துக்கு இல்லை. சிலர் இதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், பதினோரு மணிக்கு மயக்கம் போடுவார்கள்.

ஆரணி ரோடு | ஜூலை 22, இரவு 8.00

சென்னை வரிசை பற்றி. மூன்று இடம் ஒரு நாளைக்கு அதிகம் இல்லை, வரிசை சரியாக இருந்தால். முதலில் பரங்கிமலை: பூந்தமல்லி வழியாக ஊருக்குள் போகுமுன் முடித்துவிடலாம், வெயிலும் ஏறியிருக்காது. படி நூறைத் தாண்டும், ஆனால் வேன் மேலேயே போகும். போர்த்துக்கீசியர் 1523-ல் கட்டின ஆலயம். அடுத்து செயின்ட் ஜார்ஜ். கதீட்ரல் ரோடுக்குப் பெயர் கொடுத்ததே அதுதான். 1815-ல் கட்டி, அடுத்த வருஷம் பிரதிஷ்டை. 1947 செப்டம்பர் 27 தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) பிறந்த இடம். சிஎஸ்ஐ சபையிலிருந்து போகிறவர்கள் இங்கே ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். கல்கத்தா பிஷப்பாக இருந்த ஹீபரின் பளிங்குச் சிலையைத் தவற விடாதீர்கள். அப்புறம் சாப்பாடு, கடைசியில் சாந்தோம். இப்போது நிற்கும் கட்டடம் 1896. புனித தோமாவின் கல்லறைச் சிற்றாலயத்துக்கு வழி பின்பக்கம் தனியாக, கீழே இறங்க வேண்டும். வந்தவர்களில் பாதிப்பேர் முன் ஆலயத்தைப் பார்த்துவிட்டு முடிந்தது என்று வண்டி ஏறிவிடுவார்கள்.

ஞாயிறு கூடாது, மூன்று இடத்திலும் ஆராதனை. நம் ஆட்களும் சொந்த ஆலயத்தை விட்டு வர மாட்டார்கள். சனி.

ஆரணி ரோடு | ஜூலை 22, இரவு 8.14

திருவண்ணாமலை மாவட்டச் சேத்துப்பட்டை விட்டுவிட்டேனே என்று யாராவது கேட்குமுன்: ஆரணி வழியாக இரண்டு மணி நேரம்கூட ஆகாத தூரம், லூர்து மாதா ஆலயம், பிரெஞ்சு மிஷனரி தாராஸ் ஃபாதர் காலத்துக் கட்டடம். அரை நாள் போதும். முதல் டூருக்குச் சென்னையை விட இதுதான் நல்லது, ஏதாவது சொதப்பினாலும் மதியத்துக்குள் வீடு. பிப்ரவரி 11 திருவிழாவை ஒட்டி மட்டும் போகாதீர்கள், கட்டடம் தெரியாது, தலைதான் தெரியும்.

காட்பாடிவாசி | ஜூலை 23, இரவு 10.41

பாண்டிச்சேரி? சம்பா கோவில் 1791. சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் என்று ஒரே ரூட்டில் வருகிறதே.

வேன் ஏற்பாடு | ஜூலை 23, இரவு 10.58

வரும். யூனியன் பிரதேசத்துக்குள் போவதால் பெர்மிட் செலவை முன்பே பேசுங்கள். திரும்பும்போது செக்போஸ்டில் பைகளைத் திறக்கச் சொல்வார்கள். வாலிபர் ஐக்கியத் தம்பிகள் பை கனமாக இருந்தால் ஐயர் முன் சீட்டில் இருப்பது நல்லதா கெட்டதா, நீங்களே முடிவு பண்ணுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 11, காலை 6.55

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலத்தை இந்தக் குழுவிடம் கொடுக்கலாமா என்று பேச்சு வரும், அதற்கான குறிப்பு.

ஏலம் முக்கால் மணிக்கு மேல் இழுத்தால் கூட்டம் கலையும். முதல் இரண்டு மூன்று பொருள் சின்னதாக, தேங்காய், முள்ளுக் கத்திரிக்காய்க் கூடை, வேர்க்கடலை. கை தூக்கக் கூச்சம் போன பிறகு பெரிய பொருள்: சேவல், வாழைத்தார், வீட்டுக் கேக். சேவலின் கட்டை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், ஆல்ட்டர் பக்கம் ஓடினால் பிடிக்கப் போகிறவர் எல்லோரும் பெரியவர்களாக இருப்பார்கள்.

எழுத இரண்டு பேர், தனித்தனி நோட்டு: பொருள், பெயர், தொகை. முடிந்ததும் ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் பணம். க்யூஆர் கோடு ஆலயக் கணக்குக்குப் போகிறதா என்று ஒரு ரூபாய் போட்டுப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். "அடுத்த வாரம் தரேன்" என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்காதீர்கள். ஒதுக்கினால் அந்தப் பக்கம் நிறையும்.

சுண்ணாம்பு | ஆகஸ்ட் 19, இரவு 9.25

உப்பு பூத்த சுவருக்கு வருகிறேன். நண்பர்கள் கையால் செய்யக் கூடிய வேலை இது, பூச்சு நாள் என்று ஒன்று வைக்கலாம்.

முதலில் அந்தச் சுவரில் எப்போதாவது சிமென்ட் பூசியிருக்கிறார்களா என்று தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் அதுதான் நோய். பழைய சுவர் சுண்ணாம்பு வழியாக ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை அடைக்கும், ஈரம் பக்கவாட்டில் ஏறி வேறு இடத்தில் உப்போடு வெளிவரும். சிமென்டைக் கொத்தி எடுப்பது கொத்தனார் வேலை, நண்பர்கள் உளி தூக்க வேண்டாம். வெளியே அதே சுவரடியில் மண் மேடிட்டிருந்தால் அதை இறக்குவதும், தண்ணீர் தேங்காமல் சரிவு கொடுப்பதும் பூச்சுக்கு முன் நடக்க வேண்டும், இல்லையென்றால் பூசினது அடுத்த வருஷமே உதிரும்.

உப்பைத் தண்ணீரில் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். பதினைந்து நாள் விட்டு மறுபடி.

சுண்ணாம்பை நீற்றிச் சலித்து, தண்ணீர் மூடியிருக்கும்படி தொட்டியில் குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள், இரண்டு மாதம் என்றால் இன்னும் நல்லது. நீறாத துகள் இருந்தால் சுவரில் போன பிறகு வெடித்துக் குழி விழும். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறப்போட்டு ஒரு வாரம் புளிக்க விட்ட சாறு தனியாக. அளவு: சுண்ணாம்பு ஒன்று, சலித்த மணல் இரண்டரை. சாறு கொஞ்சம் கொஞ்சமாக. கரண்டியைக் கவிழ்த்தால் ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் பதம். சுவரை முந்தின நாளும் அன்று காலையும் நனைத்து, ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூசுங்கள். ஈரச்சாக்கு ஒரு வாரம் தொங்க வேண்டும். வெயில் படும் சுவர் என்றால் பத்து மணிக்குள் வேலையை முடியுங்கள், சீக்கிரம் காய்ந்தால் மயிரிழை விரிசல் விழும்.

கையுறை, கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீரால் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. வேலை ஆரம்பிக்குமுன் பக்கத்தில் ஒரு வாளி சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.

சுவரை ஒரு சதுர அடிக் கட்டங்களாகச் சாக்பீஸில் கோடு போட்டு, ஒரு கட்டத்துக்கு ஆகும் உண்மையான செலவை எழுதி ஒட்டுங்கள். ஆளுக்கு ஒரு கட்டம் பூசச் சொல்லுங்கள். ஏணி ஏற முடியாத பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தே கீழ்வரிசையில் பூசலாம். அக்கா கேட்ட கேள்விக்கு இதுவும் பதில்.

ஆல்ட்டோ அக்கா | ஆகஸ்ட் 20, காலை 7.05

பாட்டி பூசுவார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கட்டத்துக்கு நேராக உட்கார்ந்து, பக்கத்தில் பூசினவர் கை சரியில்லை என்று சொல்வார். பரவாயில்லை, ஐந்து கட்டத்துக்குக் காசும் அவரே கொடுப்பார்.

காட்பாடிவாசி | செப்டம்பர் 2, இரவு 9.37

கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தது: கூரை பார்க்கும் நாள் இந்தச் சனிக்கிழமை. நவம்பர் இரண்டாம் வாரம் கோட்டை நடை, கல்லறைத் தோட்டத்தோடு. டிசம்பர் முதல் வாரம் கீர்த்தனை மாலை. ஜனவரி கடைசிக்குள் பூச்சு நாளும் சென்னை டூரும். வருஷச் சந்தா தனி. டூர் டிக்கெட் 40-ஆல் வகுத்த விலை.

வேன் ஏற்பாடு | செப்டம்பர் 2, இரவு 10.10

ஜனவரியில் சென்னை வேண்டாம். பொங்கல் வாரம் வண்டி கிடைக்காது, காணும் பொங்கலுக்கு மெரினா பக்கமே போக முடியாது, அது முடிந்ததும் குடியரசு தின ஒத்திகைக்குக் காமராஜர் சாலையில் போக்குவரத்தை மாற்றுவார்கள். சாந்தோம் அந்த ரோட்டின் கோடியில்தான் இருக்கிறது. பிப்ரவரி முதல் சனி, லெந்து (தவக்காலம்) தொடங்குமுன்.

சுண்ணாம்பு | செப்டம்பர் 2, இரவு 10.32

பூச்சு நாளை ஜனவரியிலேயே வையுங்கள், வெயில் ஏறவில்லை, மழையும் இல்லை. சுண்ணாம்பு தொட்டியில் நவம்பரில் போட்டாக வேண்டும். யார் போடுவது என்று பெயர் எழுதிவிட்டீர்களா?

ஆரணி ரோடு | செப்டம்பர் 3, காலை 6.20

நவம்பர் இரண்டாம் வாரச் சனி பெரும்பாலும் இரண்டாம் சனியாக வந்து விழும், மியூசியம் பூட்டியிருக்கும். மூன்றாம் சனிக்கு மாற்றுங்கள்.

காட்பாடிவாசி | செப்டம்பர் 3, காலை 6.48

மாற்றிவிட்டேன். தொட்டிக்கு என் பெயரையே எழுதியிருக்கிறேன், கடுக்காய்க்குக் கணக்குப்பிள்ளை ஐயா பெயர்.

கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 3, காலை 7.02

பில் வாங்கிக்கொண்டு வருகிறேன்.